தடித்த எழுத்தில் வராதவை

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம் நிறைந்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய பரிசு ஒரு முழு உடல் பரிசோதனை. ‘தம்பதியர் பேக்கேஜ்’ என்று அதற்குப் பெயர். திண்டுக்கல்லிலிருந்து முந்தின நாளே கோயம்புத்தூர் போய் லாட்ஜில் தங்கி, காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ரத்தம் எடுத்ததும் கையில் ஒரு டிபன் கூப்பன். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி. ஸ்கேனுக்காக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று நெளிந்துகொண்டு நின்றதைத்தான் அத்தான் அதிகம் சொன்னார். சாயங்காலம் ஆளுக்கொரு பளபளப்பான ஃபைலோடு ஊர் திரும்பினார்கள்.

அத்தானுக்கு 56 வயது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். உடம்பில் ஒரு தொந்தரவும் சொன்னதில்லை. அவருடைய ஃபைலில் ஐந்து வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. கல்லீரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று. வலது சிறுநீரகத்தில் 11 மில்லிமீட்டர் நீர்க்கட்டி. வைட்டமின் டி குறைவு. புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ 4.6, இருக்க வேண்டியது 4-க்குள். டிரெட்மில் சோதனை ‘பார்டர்லைன்’. மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை. அக்காவின் ஃபைலில் தடித்த எழுத்தே இல்லை. சினைப்பைப் புற்றுநோய்க்கென்று பார்க்கும் சிஏ 125 உட்பட எல்லாம் நார்மல். அவள் சமையலறையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் மருத்துவன் அல்ல. மருத்துவ ஆய்வுகளைப் படித்து, படித்ததைத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு ஃபைலையும் மூன்று முறை புரட்டினேன். அத்தானின் முதல் பக்கத்தில், உயரம், எடை எழுதிய இடத்துக்குக் கீழே, ஒரு நர்ஸ் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்: பிபி 152/94. கையால் எழுதியது என்பதால் கம்ப்யூட்டர் அதைத் தடித்த எழுத்தாக்கவில்லை. அக்காவின் ஃபைலில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி: பாப் ஸ்மியர், செய்யப்படவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை அது. கேட்டதற்கு, “அங்க ஒரு சின்னப் பொண்ணு கேட்டுச்சு. எனக்கென்ன, எதுக்கு அதெல்லாம்னு வேண்டாம்னுட்டேன்” என்றாள்.

அன்று அந்த இரண்டு ஃபைல்களிலும் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்று எனக்குப் பட்டவை இந்த இரண்டு மட்டுமே.

ஆரோக்கியமாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை உடம்பை முழுசாகச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை பழையது. லண்டன் மருத்துவர் ஹொரேஸ் டோபெல் 1861-லேயே அதைச் சொல்லிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. பாலிசிதாரர் நீண்ட நாள் இருந்தால் பிரீமியமும் நீண்ட நாள் வருமே. ஜப்பானில் 1954-ல் இதைத் தொடங்கியபோது ‘மனித டாக்’ என்று பெயர் வைத்தார்கள், கடலோடிக் களைத்த கப்பலைத் தளத்தில் ஏற்றிப் பழுது பார்ப்பதுபோல. நம் ஊரில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்பதைத் தனியார் மருத்துவமனைகள் பழக்கின. 2016-ல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் 1,000, 2,000, 3,000 ரூபாய் என மூன்று படிகளில் வந்துவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவுகூட, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இதற்காக 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள இடம் தந்தது. மருத்துவமனை, காப்பீடு, அரசு, வெளியூர் மகன் என்று இத்தனை பேர் ஒரே குரலில் சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்பவன்தான் கோணல்புத்திக்காரன் ஆகிறான்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 59,616 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 11,629 பேரைப் பிரித்து அழைத்து, பரிசோதித்து, இதயநோய் ஆபத்து உள்ளவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் பலமுறை உணவு, புகை, உடற்பயிற்சி பற்றி ஆலோசனையும் கொடுத்தார்கள். மற்றவர்களைத் தொந்தரவே செய்யவில்லை. பத்தாண்டு கழித்து 2014-ல் முடிவு வந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சாவிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இப்படிப் பல நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளை, சுமார் இரண்டரை லட்சம் பேரை, காக்ரேன் அமைப்பு 2019-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பொது உடல் பரிசோதனை மொத்தச் சாவைக் குறைக்கவில்லை. புற்றுநோய்ச் சாவையும் குறைக்கவில்லை. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களின் இறப்பு விகிதத்தை அழைக்கப்படாதவர்களின் விகிதத்தால் வகுத்தால் கிடைத்த எண், மிகச் சரியாக 1.00.

நம்ப மனம் வராது. “எங்க பெரியப்பாவுக்கு செக்கப்லதானே கண்டுபிடிச்சாங்க” என்று ஒருவராவது சொல்வார். கண்டுபிடிப்பது நடக்கிறது, அதில் ஐயமில்லை. கண்டுபிடித்ததால் ஆயுள் கூடியதா என்பது வேறு கேள்வி. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவரையும் விழுப்புரத்தில் ஏறுகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர்க்காரர் கூடுதலாக இரண்டு மூன்று மணி நேரம் ரயிலில் இருக்கிறார். மதுரை போய்ச் சேருவது இருவரும் ஒரே நிமிஷத்தில்தான். புற்றுநோயை நான்கு ஆண்டு முன்னதாகக் கண்டுபிடித்தால், ‘கண்டறிந்த பிறகு வாழ்ந்த ஆண்டுகள்’ என்ற கணக்கு தானாகவே நான்கு கூடிவிடும், சாகும் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாவிட்டாலும். விளம்பரங்களில் ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு’ என்று வரும் சதவீதங்களை நான் இந்த ரயிலை நினைத்துக்கொண்டுதான் படிப்பது.

தடித்த எழுத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நார்மல் அளவு என்பது பெரும்பாலான லேப் சோதனைகளில் எப்படி வருகிறது? ஆரோக்கியமான பலரைச் சோதித்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைத்து, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுகிறார்கள். ஆக, நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் எப்போதும் வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை ஓர் ஆரோக்கியசாலிக்குச் செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. நிஜத்தில் பல சோதனைகள் ஒன்றோடொன்று உறவுள்ளவை என்பதால் கணக்கு அவ்வளவு கறாராக இராது. ஆனாலும் அறுபது எழுபது எண்கள் கொண்ட ரிப்போர்ட் முழுசும் சுத்தமாக வந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அபூர்வமான நோயென்றால் நிலைமை இன்னும் மோசம். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் நோய், இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லிவிடும் நல்ல சோதனை. அப்போதும் சுமார் ஐம்பது பேருக்குப் பொய்யாக மணி அடிக்கும், ஒருவருக்கு நிஜமாக. அந்த ஐம்பது பேரில் நாம் இருந்தால் அடுத்தது சிடி, அதற்கடுத்தது ஊசி வைத்துச் சதை எடுப்பது.

அக்காவுக்கு நார்மல் வந்த சிஏ 125 இப்படிப்பட்டதுதான். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு சிஏ 125 சோதனையோ ஸ்கேனோ ஆண்டுதோறும் செய்து பார்த்தார்கள். 2021-ல் வந்த இறுதி முடிவு: சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை சோதனையால் குறையவில்லை. பேக்கேஜ்களில் இன்றும் அது இருக்கிறது. ‘பெண்கள் நலம்’ என்ற தலைப்பில், இளஞ்சிவப்பு எழுத்தில்.

பணம்தானே போகிறது, தெரிந்துகொள்வதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு நான் தென்கொரியாவைத்தான் சொல்வேன். 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் ‘வந்ததுதான் வந்தீர்கள், முப்பது ஐம்பது டாலர் சேர்த்துக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம்’ என்று மருத்துவமனைகள் கூப்பிட்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்காகிவிட்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள்? முன்பும் ஆண்டுக்கு முன்னூறு நானூறு பேர், பின்பும் அதே முன்னூறு நானூறு பேர். கண்டுபிடித்த கட்டிகளில் பெரும்பாலானவை அந்த மனிதர்களோடு சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போயிருக்கக்கூடியவை. பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டை மெல்லிசாக அறுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு அப்படியொரு சின்னப் புற்று இருந்ததை 1985-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கொரியாவில் கண்டுபிடித்த ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்தைக் கிழித்தார்கள். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்கள் ஆயுள் முழுக்கத் தினம் மாத்திரை விழுங்க வேண்டும். அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குப் பக்கத்துச் சுரப்பிகளும் கெட்டு உடம்பில் கால்சியம் நிற்காமல் போனது; 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014 மார்ச்சில் சில மருத்துவர்கள் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

இதுவரை படித்தவர், நான் எந்தச் சோதனையுமே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தால் தப்பு. சோதனைக்கு ஆதரவான மிக வலுவான சான்றுகளில் ஒன்று, அக்கா குடியிருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது.

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையோடு சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையில் பணியாற்றிய ஆர். சங்கரநாராயணன் குழு 2000-ல் தொடங்கிய வேலை அது. கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேரைச் சோதனைக்கு அழைத்தார்கள்; 31,343 பேர் வந்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். கருவி என்று பார்த்தால் ஒரு மேசை, ஒரு ஃபோகஸ் லைட், ஒரு ஸ்பெகுலம், பஞ்சு, நான்கு சதவீத அசிட்டிக் அமிலம். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரும் ஏறக்குறைய அந்த வீரியம்தான். பஞ்சை அதில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். நல்ல திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். புற்றாக மாறக்கூடிய இடம், பாலில் தோய்த்த துணிபோல வெளுத்துப்போகும். வெளுப்பு வந்தது சுமார் பத்தில் ஒருவருக்கு. மேற்கொண்டு பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். ஏழாண்டு முடிவில், அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் லான்செட் இதழில் வந்தது. ஒப்பீட்டுக்காக விடப்பட்ட ஊர்களில் சோதனை நடக்கவில்லை, அறிவுரை மட்டும்தான். அங்கே இந்த நோயால் 92 பெண்கள் இறந்தார்கள். அது நியாயமா என்ற கேள்வி பின்னாளில் கடுமையாகவே எழுந்தது. அந்த 92 பேர் இல்லாமல் நமக்கு இந்த 35 சதவீதம் தெரிந்திருக்காது என்பதை நான் இதை எழுதும்போதெல்லாம் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வும் இதே ஜாதி. ஒன்றரை லட்சம் பெண்கள், மேமோகிராம் கிடையாது, சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பைத் தடவிப் பார்த்ததுதான் சோதனை. இருபதாண்டுக் கணக்கில், 50 வயது தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே பயனில்லை. திருவனந்தபுரத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இந்தச் சோதனைகளை மற்றவற்றிலிருந்து பிரிப்பது விலை அல்ல. மெதுவாக வளரும் நோய், கண்ணுக்கோ கைக்கோ தட்டுப்படும் முன்கட்டம், அந்தக் கட்டத்தில் தலையிட்டால் போக்கு மாறும் என்ற சான்று, தலையிட ஆளும் மருந்தும். உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-ல் எழுதிய நெறிமுறைகளின் சாரம் இதுதான். அத்தானின் நீர்க்கட்டியை இதில் வைத்துப் பாருங்கள். அவர் வயதில் சாதாரணம், செய்ய ஒன்றுமில்லை, தெரிந்ததால் மாறப்போவது தூக்கம் மட்டும். 152/94-ஐ வைத்துப் பாருங்கள். அறிகுறி காட்டாது, பத்தாண்டு கழித்து மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ கணக்குத் தீர்க்கும், மருந்து மலிவு, மருந்தால் பக்கவாதம் குறையும் என்பதற்குச் சான்று மலைபோல.

இங்கே ஐரோப்பிய ஆய்வுகளுக்கு ஒரு மறுப்பையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் எல்லோருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. சளிக்குப் போனாலும் அவர் பிரஷர் பார்த்துவிடுவார். அதற்குமேல் வைக்கும் பொதுப் பரிசோதனைக்குச் சாதிக்க மிச்சம் ஒன்றுமில்லை. நம் ஊரில் அத்தான் மாதிரி ஆட்கள் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள் என்று கேட்டால் வாயைப் பிளப்பார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரைக்காரர்களில் 10.8. இது கண்டுபிடிக்காத குறை மட்டும் அல்ல. கண்டுபிடித்து, ஒரு மாதம் மாத்திரை போட்டு, ‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று விட்ட குறையும்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருவதை, எந்த எண்பது சோதனைப் பேக்கேஜைவிடவும் பெரிதாக நான் மதிப்பது இதனால்தான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து அத்தானின் இடுப்பை அளந்தேன். 98 சென்டிமீட்டர். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை உண்டு, ஊசியே வேண்டாம். 50 வயது தாண்டியதற்கு 30. ஆண்களுக்கு 90 முதல் 99 வரை இடுப்புக்கு 10. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்பதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்பதற்கு 30. மொத்தம் 80; அறுபதைத் தொட்டாலே ஆபத்து அதிகம். அவருடைய சர்க்கரை அந்த ரிப்போர்ட்டில் எல்லைக்கு ஒரு நூல் உள்ளே, தடித்த எழுத்து இல்லாமல் இருந்தது. இந்த நிலையில் நடையும் சாப்பாட்டு மாற்றமும் வீணில்லை என்பதும் சென்னையிலேயே நிரூபணமானது. ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டில் சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 சதவீதம். கிரேடு ஒன்று கல்லீரல் கொழுப்புக்கும் வைத்தியம் அதே நடைதான்.

பிஎஸ்ஏ விஷயத்தில் எனக்கே இரட்டை மனம். அமெரிக்க நிபுணர் குழு 2012-ல் வேண்டாம் என்றது; 2018-ல் 55 முதல் 69 வயதுவரை அவரவர் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று இறங்கி வந்தது. ஐரோப்பாவின் பெரிய ஆய்வு 23 ஆண்டுக்குப் பிறகு சொன்னது, 456 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஒரு புராஸ்டேட் சாவு தவிர்க்கப்படும் என்று. அது சும்மா இல்லை. ஆனால் வழியில் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத சிகிச்சையும், அதன் பின்விளைவாகச் சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் உட்காரவைத்து இதைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அத்தானிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேக்கேஜில் இருந்தது, எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 2.9. டிரெட்மில் ‘பார்டர்லைன்’ அவரைச் சிடி ஆஞ்சியோ வரை இழுத்துப் போனது. இதயக் குழாய்கள் சுத்தம். செலவு, மகன் கொடுத்த பரிசைவிட அதிகம். அந்தக் கலவரத்தில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தார்; 152/94 பற்றி மூன்றாமவர் ஒருவர்தான் கேட்டார். வெவ்வேறு நாளில் மூன்று தரம் பார்த்து, குறையவில்லை என்றான பிறகு தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அக்காவை அசைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறை கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். அப்படியும் பத்தில் ஒருவர். வெட்கம், ‘எனக்கென்ன’, வீட்டில் சொல்ல முடியாத தயக்கம். அவள் இருந்தது இதே மாவட்டம், இதே நோய், இதே சான்று என்று நான் எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் எதிர்வீட்டு டீச்சர் போகப்போகிறேன் என்றதும் துணைக்குப் போனாள்.

மத்தியானம் போன் வந்தது.

“முடிஞ்சுதாக்கா?”

“ஒரு நிமிஷம்கூட ஆகலைடா. ஒண்ணும் வெளுக்கல, நல்லாயிருக்குன்னு அந்தம்மா சொல்லிருச்சு.” கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னாள், “டிபன் கூப்பன்தான் கிடையாது.”